மதினிக்குக் கொண்டுபோன சொற்கள்

"மீசையையும் எடுத்துறவாண்ணே?" என்று நாவிதர் கேட்டபோது நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன். மணி பதினொன்று. ஆற்றங்கரையில் என் அண்ணன் பாடையில் கிடந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை, கொள்ளி வைக்கத் தம்பியான நான்தான் இருந்தேன். மாலை நான்கு மணிக்குத் தேனியில் ஒரு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த மதினியைப் பார்க்க வேண்டும். பார்த்து, அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். "இதென்னப்பா கேள்வி, எடு" என்று பின்னாலிருந்து பெரியப்பா அதட்டினார். இருபது வருடம் நான் எண்ணெய் போட்டு வளர்த்த மீசை ஈர மணலில் விழுந்தது.

குரங்கணிக்கு மேலே அண்ணனுக்கு ஒரு சின்ன ஏலக்காய்த் தோட்டம் உண்டு. அவரும் மதினியும் வாரம் முழுக்க அங்கேயே தங்கிப் பாடுபடுவார்கள். அந்த வருட மழையில் காலில் புண்ணோடு சேற்றில் உட்கார்ந்து காய் எடுத்த மதினிக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் சிறுநீரகம் இரண்டும் மக்கர் பண்ணிவிட்டன, இதயமும் பலவீனமாகிவிட்டது. நான்கு நாள் மூச்சுக் கருவி. அதை எடுத்த மறுநாள், மலையில் காயை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜீப்பில் தூக்கிப்போட்டு இறக்கினார்கள். போடிக்கு வந்து சேரும்போது உயிர் இல்லை. நான் போய் மருத்துவரிடம் சொன்னேன். அந்த அம்மா, "அவங்க ஹார்ட்டு இன்னும் வீக்காத்தான் இருக்கு. பத்து நாளாவது தாண்டட்டும். இப்பச் சொன்னீங்கன்னா ரெண்டு சாவு ஆயிரும்" என்றார்.

தகனம் முடிந்து குளித்துவிட்டு நேரே பஸ் ஏறினேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளே விடும்போதே தலைக்கு ஒரு நீலக் குல்லாவும் வாய்க்கு ஒரு முகக்கவசமும் கொடுப்பார்கள். முதல் வாரம் அவற்றைச் சபித்தவன் நான். அன்றைக்கு அவைதான் என்னைக் காப்பாற்றின. மொட்டையும் தெரியவில்லை, மழித்த உதடும் தெரியவில்லை. மதினி கண்ணைத் திறந்து, காற்றுப்போல வந்த குரலில், "உங்கண்ணன் எங்க தம்பி?" என்றார். மலையில் காய் எடுப்பு, ஆள் கிடைக்கவில்லை, சிக்னலும் இல்லை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "என்னமும் சொன்னாரா?" என்று கேட்டார்.

அங்கேதான் பிடித்தது சனி. "சாப்பிட்டாளான்னு கேட்டுச்சு அண்ணன்" என்றேன்.

அண்ணன் எப்படிப் பேசுவார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்குவதைவிடக் கருங்கல்லில் நார் உரிப்பது சுலபம். மதினி வைத்த குழம்பு நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், இன்னொரு தரம் தட்டை நீட்டுவார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு. மதினி மூச்சுக் கருவியில் கிடந்த நாட்களில் மருத்துவமனைக்கு வந்து வாசலிலேயே நிற்பார். உள்ளே போகச் சொன்னால், "நீ போய்ப் பாத்துட்டு வா, எனக்குச் சோலி கெடக்கு" என்று மலைக்குக் கிளம்பிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரை, அவர் இறந்த பிறகு நான் பேசவைத்தேன். போடியிலிருந்து தேனிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் அவருக்கு வசனம் யோசித்தேன். "உன்னய நெனச்சா சோறு எறங்கலைன்னு சொல்லுச்சு." "நீ வந்துட்டா இனிமே மலைவேலைக்கே அனுப்ப மாட்டேன்னு சொல்லுச்சு." அண்ணனுக்காக அழ எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழும்போதுகூட, நாளைக்கு என்ன சொல்லலாம் என்றுதான் என் புத்தி ஓடியது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆறாம் நாள் மதினியைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். குல்லா போயிற்று. என் மொட்டையைப் பார்த்ததும் மதினியின் புருவம் சுருங்கியது. "உங்களுக்காகத்தான் மதினி, பழனிக்கு நேந்துக்கிட்டேன்" என்றேன். கண் கலங்கி, என் தலையைத் தடவக் கையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. முகக்கவசம் மட்டும் ஏன் என்று கேட்டபோது சளி என்றேன். சிறுநீரகம் மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. ஆனாலும் மதினி தேறியதாகத் தெரியவில்லை. கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. அண்ணனின் வசனத்தை நான் சொல்லச் சொல்ல, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆசையில் உருகுகிறார் என்று நான் நினைத்தேன். ஊரில் பெரியப்பா வேறு, "பதினாறுக்குள்ள சொல்லிறணும்ப்பா, பொண்டாட்டிக்குத் தெரியாம என்ன காரியம் பண்ண?" என்று தினமும் நெருக்கினார். மருத்துவர் இன்னும் இரண்டு நாள் என்றார்.

ஒன்பதாம் நாள் காலையில் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல இரண்டு கரண்டியோடு போதும் என்றார் மதினி. "நீயும் வெறும் வயிறாத்தான இருப்ப, டீயாச்சும் குடி" என்றார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மா நீட்டிய டீயை வாங்கினேன். பசி. முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்து ஒரு வாய் குடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பழனி மொட்டைக்கு எங்கள் ஊரில் யாரும் மீசையை எடுப்பதில்லை. மீசையை எடுப்பது கொள்ளி வைத்தவன்தான்.

மதினி என் உதட்டையே பார்த்தார். அவர் விரலில் மாட்டியிருந்த கருவியில் நாடித்துடிப்பின் எண் தொண்ணூறிலிருந்து நூற்றுக்குப் போனது, நூற்றுப் பதினைந்துக்குப் போனது. நான் நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று நாள் முன்பு கையைத் தூக்க முடியாதவருக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"என்னைக்கு?"

"ஒம்பது நாளாச்சு மதினி."

"எங்க வச்சு?"

சொன்னேன். உலர்த்துகிற இடம், ஜீப்பு, வலித்த நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. எண் நூற்றிருபதுக்கு ஏறி அங்கேயே நின்றது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி கண்ணை மூடித் திறந்து இன்னொன்று கேட்டார்.

"அப்ப நீ வந்து சொன்ன பேச்செல்லாம்?"

"நாஞ் சொன்னதுதான்."

"அவரு கடசியா என்னதான் சொன்னாரு?"

அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இறப்பதற்கு முதல் நாள் மேட்டில் ஏறி நின்று அண்ணன் என்னிடம் போனில் பேசியிருந்தார். எலிக்காய்ச்சலில் கிடப்பவரிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது என்று நானே அமுக்கிவிட்டேன். இப்போது மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அவர் பேசியபடியே சொன்னேன்: "ஓடக்கரையில அவ வச்ச செடிய நான் தொடல. வேற ஆளையும் எடுக்க விடல. அவ வந்து எடுத்துக்கிறட்டும். வரலைன்னா எலி தின்னுட்டுப் போகுது, எனக்கென்னன்னு சொல்லு."

மதினியின் உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன், ஆனால் முதலில் வந்தது சிரிப்பு மாதிரி ஒன்று. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சத்தமில்லாமல், உடம்பு முழுக்கக் குலுங்கி அழுதார். நர்ஸ் ஓடிவந்து ஊசி போட்டுவிட்டு, என்னை முறைத்துவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்து, என் மணிக்கட்டை விடாமலே மதினி பேசினார்.

"ஒம்பது நாளா நான் என்ன நெனச்சேன் தெரியுமா தம்பி? எனக்கு நாள் குறிச்சுட்டாக, டாக்டரம்மா அவருகிட்டச் சொல்லிட்டாக, அதான் அந்த மனுசன் இப்பிடி எளகிப் பேசுறாருன்னு நெனச்சேன். சாகப்போறவளுக்குக் கஞ்சி எதுக்குன்னுதான் வாயத் தொறக்கல."

அன்றைக்குத்தான் அண்ணன் செத்ததற்கு நான் முதன்முதலாக அழுதேன். மதினி என்னை அழவிட்டார். பிறகு தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, ஆறிப்போயிருந்த கஞ்சிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். சுடவைத்துத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. அழுதுகொண்டே முழுக் கிண்ணத்தையும் குடித்தார்.