அடித்த சொல்லை வாய்விட்டுப் படித்த நாள்

எழுபத்தொன்பதாம் வருடம், ஆனி மாதம். திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான், என் கணவர், கைக்குழந்தை, கணவரின் அக்கா. நாத்தனார் கல்யாணமான மறு வருடமே கணவரை இழந்தவர், பிள்ளை கிடையாது. அப்போது நாற்பது வயதிருக்கும். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. நான் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தால் போதும், அடுப்பங்கரையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக விழும்.

எனக்குக் கதை எழுதுகிற பைத்தியம். ஒரு வாரப் பத்திரிகையில் அதற்குள் இரண்டு கதை வந்திருந்தது. தெருவில் நாலு பேர் விசாரித்ததில் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்றாவதாக எழுதியது, பிறந்த குழந்தை தங்காமல் போன ஒருத்தியின் கதை. குழந்தை போய்விட்டது, பால் நிற்கவில்லை. கட்டிக்கொண்டு கல்லாக வலிக்கிறது. பால் வற்றட்டும் என்று வீட்டுப் பெண்கள் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுகிறார்கள். எங்கள் பக்கம் செய்கிற வைத்தியம்தான். பிரசவமான புதிதில் நானே பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தவள் என்பதால் கதை மளமளவென்று ஓடியது.

ஓடியது ஓர் இடத்தில் நின்றுவிட்டது. பூவை எங்கே வைத்துக் கட்டினார்கள்?

சிரிக்காதீர்கள், இரண்டு நாள் இதிலேயே போயிற்று. 'மார்பில் மல்லிகை' என்று எழுதினால் காதல் கதை மாதிரி இருந்தது. 'நெஞ்சில் பால் கட்டியது' என்றால் சளி பிடித்தது போல இருந்தது. 'கொங்கை', 'தனம்' என்று போட்டால் புராணப் பிரசங்கமேதான். கடைசியில், பிள்ளை பெற்ற வீட்டில் பெண்கள் தங்களுக்குள் என்ன சொல்வார்களோ அதையே எழுதினேன். முலை. எழுதியதும் எனக்கே காது சூடாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் வந்த பிறகுதான் அவள் வலி அவள் உடம்பில் இருப்பதாகத் தெரிந்தது.

என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. படித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இத்தப் போயி நம்ம வீட்டு விலாசம் போட்டு அனுப்புவியா? படிக்கிறவன் உன்னைப் பத்தி இன்னா நெனப்பான்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தெனம் காலையில கோபுரத்தைப் பாத்து உண்ணாமுலைத் தாயேன்னு கன்னத்துல போட்டுக்கறீங்களே, அப்ப யார் இன்னா நெனச்சாங்க?"

"அது சாமி."

"சாமிக்கு இருக்கலாம், மனுஷிக்கு இருக்கக்கூடாதா?"

வாயடித்தேனே தவிர, பயம் வந்துவிட்டது. அவர் ஆபீசுக்குப் போனதும் அந்தச் சொல்லை வந்த இடமெல்லாம் அடித்து, மேலே 'நெஞ்சு' என்று எழுதினேன். எழுதிவிட்டு, எவனோ என்னை மிரட்டிப் பணிய வைத்துவிட்ட மாதிரி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை வேண்டும். விதைக் கொட்டை பருப்பு உடையாமல் கையால்தான் உரிக்க வேண்டும். அந்த நேரத்தில் நாத்தனாருக்கு யாராவது தொடர்கதை படித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது, கதை என்றால் உயிர். அன்றைக்குப் பார்த்துப் பத்திரிகை வரவில்லை.

"உன்துதான் ஒண்ணு எழுதி வச்சிருக்கியே, அத்தையே படியேன், கேப்போம்" என்றார். என் கதையைக் கேட்கிறேன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

படிக்க ஆரம்பித்தேன். அந்த இடம் வந்தது. மேலே எழுதியிருந்த 'நெஞ்சு' கண்ணில் பட்டதும் காலையில் பட்ட எரிச்சல் திரும்பவும் கிளம்பியது. நாத்தனாரும் திட்டினால் திட்டட்டும் என்று வீம்புக்கு அடித்த சொல்லையே சத்தமாகப் படித்தேன். ஒரு தடவை இல்லை, வந்த இடத்திலெல்லாம்.

நாத்தனாரின் கை நின்றுவிட்டது. சரி, பாட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. "நிறுத்தாத, படி" என்றார். முடித்து நிமிர்ந்தேன். முறத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, பாலே ஊறாதவளுக்கும் அப்பிடிக் கட்டுமா?"

"அதெப்படி அண்ணி கட்டும்?" என்று சிரிக்கப்போனவள் அவர் முகத்தைப் பார்த்தேன். ஐயோ, அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கண் நிறைய பயம்.

எழுந்து போய்த் தெருக்கதவைத் தாழ் போட்டேன். அவர் ரவிக்கையைத் தளர்த்தி என் கையைப் பிடித்து வைத்தார். இடது பக்கம், உள்ளே, புளியங்கொட்டையைவிடப் பெரிதாக ஒரு கட்டி. அழுத்தினால் வலிக்கவே இல்லை என்றார். அவர் அதை ஆறுதலாகச் சொன்னார், வலிக்காத கட்டிதான் பொல்லாதது என்று நான் கேள்விப்பட்டிருந்தேன்.

"எப்பலேர்ந்துண்ணி?"

"பொங்கலுக்கு முன்னியே."

"ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? யார்கிட்ட சொல்றது? தம்பிகிட்டயா? ஒருவாட்டி டாக்டர்கிட்ட போனேன். ஆம்பளை டாக்டரு. நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்குதுன்னேன். வாயுன்னு மாத்திரை குடுத்தாரு. அதுக்கு மேல சொல்ல வாய் வரல."

ஆறு மாதம். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, ஆறு மாதம் அந்தப் பெண் தனியாகச் சுமந்திருக்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். எங்களுக்குள் அப்படி ஒரு காரியம் நடந்ததே இல்லை.

சாயங்காலம் கணவர் வந்ததும், காலையில் அவர் வேண்டாம் என்ற அதே சொல்லால்தான் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்று குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் தொட்டுப் பார்த்ததுமே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே பார்த்தால், இருந்தவர் சின்ன வயசு ஆண் டாக்டர். "எங்கேம்மா பிரச்சினை?" என்றார். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தலையை நிமிர்த்தி, "எடது மொலையிலங்க. கட்டி" என்றார். டாக்டர் ஒரு பொட்டுக்கூடக் கூச்சப்படாமல் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இவ்வளவுதானா, இதைச் சொல்லத்தானா ஆறு மாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

புற்றுநோய்தான். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். நாத்தனார் பிழைத்தார். தேறி வந்து, என் மகனுக்குக் கையைப் பிடித்து நடை பழக்கினார், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். எண்பத்தேழில் மறுபடியும் வந்தது. அந்தத் தடவை முதல் வாரமே என்னிடம் சொன்னார், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. இடையில் கிடைத்த அந்த வருடங்களில் எனக்கு அவரைப் போல நெருக்கமானவர் வேறு யாரும் இல்லை.

கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடித்ததை எல்லாம் திரும்ப எழுதித்தான் அனுப்பினேன். பத்திரிகையில் வந்தது. எல்லா இடத்திலும் 'நெஞ்சு' என்று மாற்றி, பக்கத்தில் நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஒருத்தியின் படத்தையும் போட்டிருந்தார்கள். மாற்றியதை நாத்தனாரிடம் சொல்லி, ஆத்திரத்தில் பத்திரிகையை வீசி எறிந்தேன். நாத்தனார் எடுத்துத் தட்டி மடித்து வைத்துவிட்டு, "போனாப் போவுது விடு. எனக்குப் படிக்கறப்ப சரியாத்தானே படிச்ச?" என்றார்.

இன்றைக்கும் உடம்பைப் பற்றி எழுதும்போது பேனா ஒரு சொல்லில் தயங்கினால், அதைச் சொல்லத் தெரியாமல் எந்த வீட்டில் எவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ என்று பதறிப்போய், அந்தச் சொல்லையே எழுதிவிடுகிறேன்.