சங்கரா கிடைக்கும் ஆறு இடங்கள்

மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் பாலாற்றைக் கடப்பேன். அதில் தண்ணீர் ஓடிப் பார்த்தது சில தடவைதான். அந்த ஆறு எப்போதோ கடலுக்குள் கொண்டுபோன மண்ணைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. கரையிலிருந்து வெகுதூரத்தில், கடல்தரை சட்டென்று சரியும் இடத்தில், தண்ணீருக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆற்று மண் அதன் வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்கியது என்பது என் கட்சி. நிரூபிக்க அங்கிருந்து கொஞ்சம் சேறு வேண்டும்.

ஆராய்ச்சிக் கப்பலில் இடம் கேட்டு எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அடுத்த வருடமும் அதே கடிதம் வந்தது, தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். அம்மா, நாவலூரில் ஐடி வேலைக்குப் போன என் தோழிகளின் கல்யாணப் பத்திரிகைகளை என் மேஜைமேல் வைக்க ஆரம்பித்தார். நான் திருவிடந்தை மீனவர் குப்பத்துக்குப் போய் ஒரு ஃபைபர் படகு பேசினேன்.

படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கூட வருவது அவர் மனைவியின் தம்பி.

“மீன் வாணாமா? சேறு மட்டுமா?” என்றார் படகுக்காரர்.

“சேறு மட்டும்தாண்ணா.”

“அது எங்க வூட்டாண்டயே கீதேம்மா.”

விடியும்போது கிளம்பினோம். நான் கடலுக்குள் போவது அதுதான் முதல்முறை. போகும் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். என் வரைபடம் பள்ளத்தாக்கு என்று காட்டிய இடத்தில், சேறு அள்ளும் இரும்புக் கருவியைக் கயிற்றில் இறக்கினேன். உடனே தரை தட்டியது. வெறும் மணல். இன்னும் இரண்டு இடங்களில் இறக்கினேன். மணல்தான். வரைபடம் தப்பு. பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாதாம்மா தேடுற நீ?”

“தரை திடீர்னு பள்ளமா எறங்குற எடம்ணா.”

அவர் மச்சானைப் பார்த்தார்.

“வாணாம் மாமா,” என்றார் மச்சான். “யாருக்கும் காட்டாத எடம்.”

“அது வாந்தி எடுத்துகினு கீது. அதுவா வந்து மீன் புடிக்கப் போவுது?”

பிளாஸ்டிக் பையிலிருந்து ஜிபிஎஸ் கருவியை எடுத்தார். அதில் ஆறு புள்ளிகள். பள்ளத்தின் விளிம்பில் சங்கரா மீன் கூடும் இடங்கள். தெற்கே வெகுநேரம் போனோம். என் கயிறு முழுக்க இறங்கியும் தரை தட்டவில்லை. அவர் தன் நங்கூரக் கயிற்றை அவிழ்த்து அதோடு முடிச்சுப் போட்டார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம்.

கறுத்த களிமண் வந்தது. நடுவில் ஒரு விரல் தடிமனுக்குப் பருமணல், ஆற்று மணல். நான் அழுதேன். மறுபடி வாந்தி என்று நினைத்து மச்சான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கரைக்குத் திரும்பியதும் படகுக்காரர் சொன்னார்: “எடத்த புக்குல போட்டுடாதம்மா. நாளைக்கே பத்து படகு வந்து நிக்கும்.”

போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆய்வேட்டில் அந்த இடத்தை ஒரு பெரிய வட்டமாகக் குறித்தேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர், “இந்த வட்டத்துக்குள் எங்கே?” என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்று படகுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருப்பதைச் சொன்னேன். தேர்வாளர் பேனாவை மூடிவைத்தார்.

“அங்கே என்ன மீன்?” என்றார்.

“சங்கரா, சார்.”

இடத்தை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டம் கொடுத்தார்கள். படகுக்காரருக்குப் போன் செய்து, உறை பேராசிரியரின் பீரோவில் இருப்பதைச் சொன்னேன்.

“அந்த சாரு மீன் துன்னுவாரா?”

“சைவம்ணா.”

“அப்ப சரி,” என்றார்.