பொத்தான் வைத்த குஷன்

திரைச்சீலைக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு உட்காரும் பாக்கியம் கிடையாது. கடை நடுவில், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி பெரிய சோபா ஒன்று போட்டிருக்கும். துணி எடுக்க வருகிறவர்கள் அதில் சாய்ந்து பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகள் செருப்போடு ஏறி நிற்கும். இவள் மட்டும் துணிக் கட்டுகளைத் தூக்கி, பிரித்து, மடித்து, சிரித்த முகத்தோடு கால் கடுக்க நிற்க வேண்டும். விற்கிற பெண் உட்கார்ந்தால் கடைக்கு லட்சணம் இல்லையாம். முதலாளி கண்டுபிடித்த சாஸ்திரம் அது.

சாயங்காலம் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடத்தோடு வீடு வந்து சேர்வாள். உள் அறையில் அவளுடைய வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். முன் அறைச் சோபாவில் கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுத்தால் போதும் அவளுக்கு. பெரிய ஆசையா இது? அதற்கும் வழியில்லை. அந்தச் சோபாவை அவளுடைய அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்தான்.

பேட்டரி கடை வைத்திருந்தவன். கடையில் ஈ ஓட்டி, அப்புறம் ஈயும் வராமல் போனதும், "ரெண்டு நாள் இருந்துட்டுக் கிளம்பிடறேம்மா" என்று ஒரு பையோடு வந்தான். அந்த இரண்டு நாள் வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது. கெட்டவனா என்றால், இல்லை. வெங்காயம் உரிப்பான், தண்ணீர் பிடித்து வைப்பான், போட்டதைச் சாப்பிடுவான். அதுதான் சங்கடமே. சண்டைக்காரனாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும். அவள் உள்ளே நுழைந்ததும் காலை மடக்கிக்கொண்டு, "வா, வா, உக்காரு" என்பான், ஏதோ அவள் அவன் வீட்டுக்கு வந்த மாதிரி. அவள் ஓரத்தில் ஒண்டிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அவன் கால் தன்னை அறியாமல் நீளும். இவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"உன் அண்ணன். நான் சொன்னா தப்பாப் போயிடும். நீயே சொல்லு" என்று நாசூக்காகக் கழன்றுகொண்டார் அவர். அவளுக்கோ வாய் கூசியது.

ஒரு நாள் கடையில் ஓர் அம்மாள், குஷனைத் தலைக்கு வைத்துப் படுக்கலாமா என்று கேட்டாள். "இது அழகுக்குங்க. படுக்கிற தலையணை வேற" என்று எப்போதும் சொல்கிற பதிலையே இவளும் சொன்னாள். சொன்ன வாய் மூடுவதற்குள் யோசனை வந்துவிட்டது.

பழசாகிப் போன சாம்பிள் துண்டுகளைக் கடையில் கழித்தபோது கேட்டு வாங்கி வந்தாள். லீவு நாட்களில் தையல் மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மிதிக்கவும் அதே கால்தான். கடையில் நின்ற வலி போதாதென்று இது வேறு. இரண்டு சதுரத் துண்டுகளின் நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, சுற்றித் தைத்து, ஒரு பக்கத்தில் கை நுழையும் அளவுக்குத் தைக்காமல் விட்டாள். மூலைத் துணியைக் கத்தரித்துவிட்டுத் திருப்பி, கரண்டிக் காம்பால் குத்திக் கூராக்கினாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தான். அவள் கல் மாதிரி ஆகும் வரை திணித்தாள்.

கடைசியாக ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெரிய பொத்தான். நீள ஊசியால் மறுபக்கம் வரை குத்தி, நூலை இழுத்து இறுக்கினாள். "நடுவுல குழி விழுந்தா அழகு" என்று அண்ணனிடம் சொன்னாள். கன்னத்தை வைத்தால் குத்தும் என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, சோபா முழுக்க அவற்றை நெருக்கமாக அடுக்கிவிட்டுக் கிளம்பினாள். கடையில் அன்றைக்குக் கால் வலிகூடக் கொஞ்சம் பொறுக்கும்படி இருந்தது. படுக்க இடமில்லாதவன் எத்தனை நாள் இருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது குஷன்கள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. அண்ணன் கீழே, வெறும் தரையில், மடித்த சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். அவளைக் கண்டதும் பழக்க தோஷத்தில் காலை மடக்கினான்.

"வா, உக்காரு."

எங்கே உட்காருவது? சோபாவில் அவளுக்கும் இடமில்லை. பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். எல்லா அலுப்பும் ஒரேயடியாக வந்து அழுத்த, அத்தனை நாள் வராத வார்த்தை தானாக வந்துவிட்டது.

"அண்ணா, உன்னைக் கிளப்பத்தான் இதெல்லாம் தைச்சேன்."

அவன் முகம் மாறவில்லை. "தெரியும்மா. நீ கல்லு மாதிரி திணிக்கும்போதே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா பஞ்சு பிச்சுக் குடுத்தே?"

"நீ ஒண்டியாக் கஷ்டப்பட்டுட்டிருந்தியே."

"அப்ப ஏன் கிளம்பல?"

அவன் மேலே பார்த்தபடி படுத்திருந்தான். "எங்கம்மா போறது?" என்றான், நிஜமாகவே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது போல.

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ஒரு குஷனின் பொத்தானை நூலோடு வெட்டி எடுத்தாள். அவன் தலையைத் தூக்கி, அந்தக் குஷனை அடியில் வைத்தாள்.

"மெத்துன்னு இருக்கு" என்றான் அவன், கண்ணை மூடியபடி.

மற்ற குஷன்களைத் தரையில் தள்ளிவிட்டு அவள் சோபாவில் ஏறிப் படுத்தாள். காலை முழுசாக நீட்டினாள். தடுக்க யாரும் இல்லை. தூக்கம்தான் வரவில்லை.