நீக்கப்படாத பதிவு

திங்கட்கிழமை காலை லோகேஸ்வரியின் மகள் அழைத்தாள். “அம்மா தவறிட்டாங்க மாமா. பிளாக்குல நீங்களே போட்டுருங்க, எனக்கு எழுத வரல்ல.” அதனால், லோகேஸ்வரியின் இந்த வலைப்பக்கத்தில் அவர் எழுதாத முதல் பதிவை நான் எழுதுகிறேன்.

கஹவத்தை பஸாரில் தட்டச்சுக் கடை வைத்திருந்தவர் அவர். கடைக் கணினியில்தான் தேயிலைத் தோட்டத்து அரசியலையும் எழுதினார். ஒருவரைக் கண்டித்து எழுதினால், வெளியிடும் முன் அவருக்கே தொலைபேசியில் வாசித்துக் காட்டுவார். ஏன் என்று கேட்டேன்.

“முதுகுக்குப் பின்னால பேச தண்ணி புடிக்கிற பீலிக்கரை போதும் அண்ணே. அதுக்கு எதுக்கு கரண்ட் பில்லு?”

பிரதேச சபைத் தேர்தல் நெருங்கியிருந்தது. இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்திருந்தது. தன்னைப் பற்றிய பதிவு குறித்து ஒரு வேட்பாளர் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் பொலிஸார் லோகேஸ்வரியை நிலையத்துக்கு அழைத்தார்கள். துணைக்கு நானும் போனேன். பதிவை நீக்காவிட்டால் கணினியை எடுத்துக்கொள்வோம் என்றார் பொறுப்பதிகாரி. கணினி இல்லாமல் கடை இல்லை.

அங்கே தமிழ் வாசிக்க யாருமில்லை. தன்மேல் முறைப்பாடு வரக் காரணமான பதிவை லோகேஸ்வரியே சிங்களத்தில் சொல்லவேண்டி வந்தது. நிதானமாகச் சொன்னார். இந்த வேட்பாளர் லயத்து வீடுகளுக்குக் குழாய் போட்டார், தண்ணீர் விடவில்லை. அடுத்த வரி: இவருக்கு ஓட்டுப் போட்டால் குழாயைத்தான் சப்ப வேண்டும். அதைச் சொல்லுமுன் நான் அவரை முழங்கையால் இடித்தேன்.

“அத விட்டுரும்மா. இந்த அதிகாரிக்கு எங்க தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே அண்ணே. சும்மா இருங்க.”

அந்த வரியையும் சொன்னார். பக்கத்து மேசைக் கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. எந்த வரி பொய் என்று முறைப்பாட்டுக்காரர் சொல்லட்டும், அதை இப்போதே எடுக்கிறேன் என்றார் லோகேஸ்வரி. அதிகாரி வேட்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி அதை மேசையில் வைத்தார்.

“பொய்யா இல்லையா என்பதல்ல சேர்! தேர்தல் முடியும்வரை அது இருக்கக் கூடாது. எனக்கு வாசித்துக் காட்டியபோதே இவளிடம் சொன்னேன்!” என்று அவர் சிங்களத்தில் கத்தினார்.

வழக்குப் போடவில்லை. கணினியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது திரும்பி வரும்வரை கடை பூட்டியே கிடந்தது. ஒரு பதிவுதானே, எடுத்திருக்கலாமே என்றேன்.

“எடுத்தா, நான் எழுதுனது பொய்யின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிங்க.” அதுவரை பதிவுகளைக் கைபேசியில் எழுதினார். அந்தப் பதிவு இன்றும் இங்கே இருக்கிறது.

நான் என் பக்கத்தில் எழுதியவற்றை எடுத்துவிடச் சொல்லி எனக்கும் அழைப்புகள் வருகின்றன. முன்பெல்லாம் வாதாடுவேன். இப்போது எந்த வரி பொய் என்று மட்டும் கேட்கிறேன். லோகேஸ்வரியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இதுவரை யாரும் வரியைச் சொல்லவில்லை.