கிரேஸ் அக்காவின் பெயருக்கு வந்த மீன்கள்

அக்காவின் மகன் போன் செய்தபோது நான் ஒரு ஜாடியில் ஆல்கஹால் நிரப்பிக்கொண்டிருந்தேன். "அண்ணா, அம்மா போயிட்டாங்க" என்றான். ஜாடியை இறுக்கி மூடிவிட்டுத்தான் "எப்போ?" என்று கேட்டேன். கல்நெஞ்சக்காரன் என்று நினைக்க வேண்டாம். கிரேஸ் அக்காவோடு வேலை பார்த்த யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். "திறந்தவன் மூடணும். வீடு பத்தி எரிஞ்சாலும் மூடிட்டுத்தான் ஓடணும்" என்பார்.

இறுதிச் சடங்கில் பேசிய நீங்கள் எல்லோரும் அவருடைய பொறுமையையும் அன்பையும் சொன்னீர்கள். எல்லாம் சரி. எனக்கு அவர்மேல் இருந்தது பெரும்பாலும் பொறாமை. அதைத்தான் எழுதப்போகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

சர்ச்சில் மட்டும் அவரோடு பழகியவர்கள் "மீன் மியூசியத்துல வேலை" என்பீர்கள். மலேசியாவில், ஜொகூர் பாருவுக்கு வெளியே, ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அடுக்குகள், கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொரு ஜாடியிலும் ஆல்கஹாலில் மீன்கள், தலை கீழே, வால் மேலே. மாற்றிப் போட்டால் வால் துடுப்பு மடங்கிப்போகும். எந்த ஆறு, எந்த நாள், யார் பிடித்தது என்ற சீட்டும் மீனோடு ஜாடிக்குள்ளேயே கிடக்கும். உலகத்தில் மீன் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவற்றை இரவல் கேட்பார்கள். விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு அங்கே நுழைந்த அக்கா, கடைசிவரை அந்தச் சேகரிப்பைத்தான் நிர்வகித்தார்.

நான் கணினிக்காரன். எல்லா ஜாடிக்கும் பார்கோடு ஒட்டி, மீனின் பெயரைத் தட்டினால் அது நிற்கும் அடுக்கு திரையில் வருகிற மாதிரி ஒரு சிஸ்டம் கட்டினேன். நல்ல சிஸ்டம், அக்காவே ஒத்துக்கொண்டார். அதைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்தார்கள், கைதட்டினார்கள். அப்புறம் அக்காவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்தது நான்.

"காட்டு பார்ப்போம்" என்று என் போனை வாங்கினார் அக்கா. "இஞ்சினியர் சார், நான் கண்ணை மூடியிருக்கேன்லா. இன்னொண்ணு எடுங்க."

அடக்கமானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன்னைப் புகழ்ந்தால் ரசித்துக் கேட்பார். பாதியில் நிறுத்தினால் "அப்புறம்?" என்பார்.

வருகிற ஆளுக்கெல்லாம் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. அப்பா ரயில்வேயில் இருந்தபோது சிகாமட்டில் குவார்ட்டர்ஸ். ஆறு பெருகி வீட்டுக்குள் வெள்ளம். எல்லோரும் மேசைமேல் ஏறி நிற்க, சின்னப்பிள்ளை கிரேஸ் தண்ணீரில் இறங்கி, ஹாலுக்குள் நீந்திய மீனை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துவிட்டார். அன்றைக்கே தன் வேலை முடிவாகிவிட்டதாம். கேட்டவர்கள் கண்கலங்குவார்கள். எனக்கு எரிச்சல் வரும். நான் வளர்ந்தது மாசாயில், அப்பாவுக்குப் பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் ஹாலுக்குள் வந்தது பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் புகைதான். அதை வைத்து யார் என்ன கதை சொல்ல முடியும்? அடுத்த வேலை எங்கே, சிங்கப்பூரா என்று எப்போதும் ஒரு கண் வெளியே வைத்திருக்கிறவன் நான். தான் எதற்குப் பிறந்தோம் என்று ஒருவருக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் உண்மையான போட்டி ஒரு ஜாடிக்காக. பண்டார் தெங்காரா பக்கம், பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் தண்ணீர் நின்ற ஒரு சதுப்பில், வேலையில் சேர்ந்த புதிதில் அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்த விரலளவு மீன்கள். சீட்டில் இருந்த இடத்தைத் தேடி நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சதுப்பை அழித்து, கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனைத் தோட்டம். அந்த இடத்து மீன் என்று இனி யாரும் பிடிக்க முடியாது, ஜாடியில் இருந்தவை மட்டும்தான். அதை இரவல் வாங்கிய வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் திருப்பித் தராமலே ஓய்வுபெற்றுவிட்டார்.

என் சிஸ்டம் அவருக்குத் தானாகவே நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தது. பதிலே இல்லை. அக்காவோ கிறிஸ்துமஸுக்குக் கார்டு எழுதினார். உங்கள் மனைவியின் முழங்கால் எப்படி இருக்கிறது, தோட்டத்தில் என்ன பூத்தது என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: "எங்கள் மீன்களையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்."

"சிஸ்டம்தான் அனுப்புதே அக்கா, கார்டு எதுக்கு?"

"உன் சிஸ்டத்துக்கு முழங்கால் வலி தெரியுமா? அந்த மனுசனுக்கு வெக்கம் தம்பி. இவ்வளவு லேட்டாக்கிட்டோமேன்னு. நீ வாரா வாரம் கதவைத் தட்டினா உள்ளேயே ஒளிஞ்சுக்குவான்."

"என் மெயிலுக்குத்தான் முதல்ல பதில் வரும், பாருங்க."

"ஓம் ஓம், பார்ப்போம்" என்று சிரித்தார். பதில் எதுவும் வருமுன்னே நோயில் படுத்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.

இரவல் வாங்கியிருந்த எல்லோருக்கும் செய்தி அனுப்பியது நான்தான். ஒரே பட்டன். என் சிஸ்டத்துக்கு அப்படிப் பதில்கள் குவிந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒன்றுகூட எனக்கு எழுதியது அல்ல. எல்லாம் கிரேஸ், கிரேஸ், கிரேஸ்.

பிறகு ஒரு பார்சல் வந்தது. இறந்துவிட்டார் என்று தெரிந்தும் பெறுநர் இடத்தில் அக்காவின் பெயரையே எழுதியிருந்தார் பேராசிரியர். உள்ளே, ஈர மஸ்லின் துணியில் சுற்றி, சதுப்பு மீன்கள். ஒன்றும் குறையவில்லை. எங்களோடு மீன் பதப்படுத்தும் பாக் மான் எட்டிப் பார்த்து, "கிரேஸ் மெனாங்லா" என்றார். கிரேஸ்தான் ஜெயித்தாராம். எனக்குத் தெரியாதா?

மீன்களைத் தலைகீழாக ஜாடியில் இறக்கி, மூடி, அடுக்கில் வைத்தேன். சிஸ்டம் நன்றி மெயில் ஒன்றைத் தானே தயாரித்து நின்றது. அதை நிறுத்திவிட்டுப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். மீன் வந்து சேர்ந்தது என்றேன். அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "உங்க மேடத்தோட முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுவைத்தேன்.

 அவர் ஆபரேஷன், கைத்தடி, மாடிப்படி என்று நிறுத்தாமல் பேசினார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது, ஆனாலும் வைக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டார்: "சரி, உன் பேர் என்ன?"

இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்து வேலையில் என்னிடம் அதைக் கேட்ட முதல் வெளிநாட்டுக்காரர் அவர். கதிரவன் என்றேன். அவர் வாயில் அது நுழையவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

அக்காவின் மேசையில் எழுதாத கிறிஸ்துமஸ் கார்டுகள் ஒரு கட்டு இருந்தன. அவர் மகனிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். கூடவே இந்தப் பொறாமையையும் வைத்துக்கொள்கிறேன். திறந்து வைத்தால் ஆல்கஹால் மாதிரி ஆவியாகிவிடும். அதனால் எழுதி முடித்ததும் இறுக்கி மூடிவிடுகிறேன், அக்கா. திறந்தவன் நான்தானே.