செல்வி சொல்லாமல் விட்டது

எல்லை தாண்டி மலையாளப் பகுதியில், நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்பு வடிவியலைக் கண்டு பிள்ளைகள் மிரளக் கூடாதென்று, போன கோடை விடுமுறையில் என் வீட்டிலேயே பயிற்சி கொடுத்தேன். கூட வேலை பார்த்த செல்வியும் வந்து உதவினாள். வட்டமும் முக்கோணமும் பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டன.

பள்ளி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. இப்படிக் குறைந்தால் தமிழ் வகுப்பையே மூடிவிடுவார்கள். செல்வியும் வரவில்லை, லீவு என்று நினைத்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் மாணவி காவ்யா, வேறு பள்ளி யூனிஃபார்மில் நின்றாள்.

"நாங்கெல்லாம் இங்கிலீஷ் மீடியத்துல சேர்ந்துட்டோமுங்க டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்ததுதான் அட்மிஷன் டெஸ்ட்ல வந்துச்சுங்க."

"எங்கிட்ட ஏங்கண்ணு சொல்லலை?"

அவள் முழித்தாள். "உங்களுக்குத் தெரியும்னு செல்வி டீச்சர் சொன்னாங்களே. அவங்களும் இப்ப அங்கதானுங்க."

"நல்லாப் படி கண்ணு" என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் மேல் கோபமில்லை. ஆனால் கோடை முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் அவளிடம் கேட்கவில்லை. "சொல்லியிருந்தா இவ்வளவு மனசு வெச்சுச் சொல்லிக் குடுத்திருப்பீங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்ற பயம்தான்.