மோட்டார் ஸ்டார்ட்டில் இருக்கிறது

‘ஸ்டார்ட்டில்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை ஒரு குழந்தைக்கு எப்படி விளங்கவைப்பது? மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்று கேட்டாள். திடுக்கிட வைப்பது என்றேன். “திடுக்குனா என்னம்மா?” என்றாள். 

அவள் வயதில் நானும் இதே சொல்லில் மாட்டியவள்தான். எரியோட்டுப் பக்கம் எங்களுக்குக் கத்தரித் தோட்டம். எட்டாவதோடு படிப்பை விட்ட அம்மா, என்னைத் திண்டுக்கல்லில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தே தீருவது என்று இருந்தார். சேர்ப்பதற்கு முன் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, மோட்டார் ரூம் வாசலில் உட்காரவைத்துப் படிக்கவைத்தார்.

ஒருநாள் இந்தச் சொல் வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

“ஏடி, இது நம்ம மோட்டார் சமாச்சாரம். நாம ஸ்டார்ட்டுல இருக்குங்கிறோம், பொஸ்தகத்துல சுத்தமா ஸ்டார்ட்டில்னு போட்டுருக்கான். அம்புட்டுதான்!”

சேரப் போன அன்று பள்ளியில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டீச்சர் என்னிடம் தெரிந்த சொல் ஒன்றை வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னார். நான் தயங்கவே இல்லை.

“மை மோட்டார் இஸ் ஸ்டார்ட்டில்.”

விளக்கம் கேட்டுச் சிரித்த டீச்சர், சட்டென்று மேசையை ஓங்கித் தட்டினார். துள்ளிவிட்டேன்.

“இப்ப நான் உன்னைப் பண்ணேன்ல, அதுதான் ஸ்டார்ட்டில். மோட்டார்னு யாரு சொல்லிக்குடுத்தது?”

“எங்கம்மா!” என்றேன், பெருமையாக.

மேசைச் சத்தத்துக்கு அசையாமல் இருந்த அம்மாவுக்கு அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. சத்தம்தான் அடங்கிவிட்டதே, இப்போது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா எழுந்து நின்றார்.

“நாந்தான் டீச்சர் தப்பாச் சொன்னேன். பிள்ளை ஒருக்காச் சொன்னா கப்புனு பிடிச்சுக்கிருவா. சீட்டு மட்டும் இல்லேன்னுறாதீங்க.”

சீட்டு கிடைத்தது. பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தச் சொல்லையே முணுமுணுத்தபடி வந்தார். ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் கூடவே கத்தினேன்.

என் மகளும் ஒருநாள் யார் முன்னாலோ என்னைக் கைகாட்டுவாள். அதனால் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதாக இல்லை. ஆனால் இவள் குக்கர் விசிலுக்கே அழுகிறவள். மேசையைத் தட்டாமல் இந்தச் சொல்லை விளங்கவைக்க உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்களேன்.